கைப்பேசியைத் தட்டி எழுப்புவது யார்? உடனடி அறிவிப்பின் கால் நூற்றாண்டு வரலாறு



புலனத்தில் ஒரு செய்தி வந்தால் உடனே 'டிங்' என்று கேட்கிறது. கைப்பேசி மேசைமேல் சும்மா கிடந்தாலும் கேட்கிறது. அதே கைப்பேசியில், அந்தரங்கத்தைக் காப்பதே எங்கள் முதல் வேலை என்று சொல்லும் சில செயலிகளைப் போட்டுப் பாருங்கள். சிலவற்றில் செய்தி பத்து நிமிடம் கழித்து வரும். சிலவற்றில் உடனே வரும். ஆனால் "இச்செயலி இயங்கிக்கொண்டிருக்கிறது" என்ற வரி திரையின் மேலே நாள் முழுக்க நகராமல் நிற்கும். சாயங்காலம் பார்த்தால் பேட்டரியும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறங்கியிருக்கும். "டீச்சர், அப்படீன்னா இது மட்டமான ஆப்பா?" என்று மாணவர்கள் கேட்பது இயல்புதான்.

மட்டமான செயலி என்று உடனே முடிவு கட்ட முடியாது. உடனடியாக வர வேண்டும், பேட்டரி நிற்க வேண்டும், யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்ற மூன்று ஆசைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாமல் பொறியாளர்கள் 25 ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் போராட்டத்தின் வரலாறு. படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் இதைக் காரணம்–விளைவு வகைக் கட்டுரைக்கு ஒரு மாதிரியாகவும் பயன்படுத்தலாம். ஒரு சிக்கலுக்குக் கண்ட தீர்வு எப்படி அடுத்த சிக்கலுக்குக் காரணமாகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

அடிப்படை: கேட்டுப் பெறுவதும் தட்டி எழுப்புவதும்

கைப்பேசிக்குச் செய்தி வந்து சேர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கைப்பேசி அவ்வப்போது சேவையகத்தைக் கூப்பிட்டு "எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்பது. மற்றொன்று, செய்தி வந்ததும் சேவையகமே கைப்பேசியைத் தட்டி எழுப்புவது. இந்த இரண்டாவது வழியைத்தான் தொழில்நுட்பக்காரர்கள் 'புஷ்' என்கிறார்கள். நாம் தள்ளு அறிவிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

கேட்டுப் பெறுவதில் என்ன தொல்லை? கைப்பேசியில் மின்சாரத்தை அதிகம் தின்னும் உறுப்புகளில் திரைக்கு அடுத்த வரிசையில் இருப்பது, தொலைத்தொடர்புக் கோபுரத்தோடு பேசும் வானலைக் கருவி. ஒரே ஒரு எழுத்தை அனுப்பினாலும் அந்தக் கருவி முழுதாக விழித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்த பிறகும் உடனே தூங்காது. அடுத்து ஏதாவது வருமோ என்று சில விநாடிகள் விழித்தபடியே காத்திருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் ஒரு நாளைக்கு 1,440 தடவை இப்படி எழுப்ப வேண்டும். அதில் பெரும்பாலான தடவை கிடைக்கும் பதில் "ஒன்றும் இல்லை" என்பதுதான். சரி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்போம் என்றால் 96 தடவையோடு முடிந்துவிடும், பேட்டரி தப்பிக்கும். ஆனால் அவசரச் செய்திகூடக் கால் மணி நேரம் வரை காத்துக் கிடக்க நேரிடும்.

தட்டி எழுப்பும் வழியில் கைப்பேசிக்கும் சேவையகத்துக்கும் இடையே ஓர் இணைப்பு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். பேசாமல் திறந்து கிடக்கும் இணைப்புக்கு அதிக மின்சாரம் தேவையில்லை. ஆனால் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கருவிகள், நெடுநேரம் பேச்சில்லாமல் கிடக்கும் இணைப்பைத் தாமாகவே துண்டித்துவிடும். ஆகையால் "நான் இன்னும் இருக்கேன்" என்று அவ்வப்போது ஒரு சிறு குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு செயலி இதைச் செய்தால் தாங்கும். 20 செயலிகள் ஆளுக்கொரு நேரத்தில் குரல் கொடுத்தால் வானலைக் கருவிக்குத் தூக்கமே இருக்காது.

இதற்குக் கிடைத்த தீர்வைப் பழைய ரப்பர்த் தோட்டத்தை வைத்து விளக்கினால் மாணவர்களுக்கு எளிதாகப் புரியும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தினமும் டவுனுக்குப் போய்த் தபால் நிலையத்தில் விசாரித்துக்கொண்டிருந்தால் மரம் வெட்டுவது எப்போது? தோட்ட ஆபீஸ் கிராணி எல்லாருடைய கடிதங்களையும் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, வந்தவர் பெயரை மட்டும் கூப்பிட்டால் எல்லாருக்கும் வேலை மிச்சம். எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே இணைப்பு, அதை நடத்த ஒரே ஒரு நிறுவனம். தள்ளு அறிவிப்புச் சேவையின் அடிப்படை இவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கிராணி உறையைப் பிரிப்பதே இல்லை என்றாலும் அவருக்கு எவ்வளவோ தெரியும். யாருக்கு வாரம் தவறாமல் கடிதம் வருகிறது, யாருக்கு வருவதே நின்றுபோனது, எந்த வீட்டுக்கு நீதிமன்ற முத்திரை போட்ட உறை வந்தது என்பதெல்லாம் அவர் கண்ணில் படாமல் போகாது. கட்டுரையின் பிற்பகுதிக்கு இந்தக் குறிப்பு தேவைப்படும்.

1999: ஒரு சிறு பேட்டரியும் ஒரு பெரிய யோசனையும்

கனடாவின் வாட்டர்லூ நகரில் இயங்கிய ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999-ஆம் ஆண்டு பிளாக்பெரி மின்னஞ்சல் சேவையைத் தொடங்கியது. அதற்கென வந்த 850 என்ற கருவி பார்ப்பதற்குப் பேஜர் போலவே இருக்கும். அதில் போட்டது கடையில் வாங்கும் சாதாரண ஏஏ பேட்டரி ஒன்றுதான். அந்த ஒரே பேட்டரியில் கருவி வாரக்கணக்கில் ஓடியது. திரை சிறியது, நிறம் இல்லை என்பவை ஒரு காரணம். கருவி தானாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை, மின்னஞ்சலே தேடி வரும் என்பது இன்னொரு காரணம். நிறுவனத்தின் மையச் சேவையகங்கள் மின்னஞ்சலை வாங்கிக் கருவிக்குத் தள்ளிவிட்டன.

அதே 1999-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பர் என்பவரும் சேர்ந்து எம்கியூடிடி என்ற தகவல் நெறிமுறையை உருவாக்கினார்கள். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதே அதன் நோக்கம். செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவு அதிகம் என்பதால் மிகக் குறைந்த சொற்களில் பேசிக்கொள்ளும்படி அதை அமைத்தார்கள். 12 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011-இல் ஃபேஸ்புக் தன் மெசஞ்சர் செயலிக்கு அதையே எடுத்துக்கொண்டது. காரணம் பேட்டரிச் சிக்கனம். எண்ணெய்க் குழாய்க்காகச் செய்தது அரட்டைக்கு உதவியது. தொழில்நுட்ப வரலாற்றில் இப்படி நிறைய நடக்கும்.

பிளாக்பெரி கதைக்கு ஒரு பின்பகுதியும் உண்டு. செய்திகள் ஒரு மையத்தின் வழியாகப் போகின்றன என்றால் அரசுகளின் கண்ணும் அந்த மையத்தின்மேல் விழும். 2010-ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, இந்தியா ஆகிய நாடுகள், பிளாக்பெரியின் மறையாக்கப்பட்ட செய்திகளைத் தங்கள் பாதுகாப்பு அமைப்புகள் பார்க்க வழி வேண்டும் என்று அந்நிறுவனத்தை நெருக்கின. அமீரகம் சேவையை நிறுத்தப் போவதாக நாளே குறித்தது; கடைசி நேரத்தில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தச் சம்பவத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 13 ஆண்டுகள் கழித்து வேறு வடிவில் இது திரும்பி வரும்.

2008–2009: ஆப்பிள் கொடுத்த வாக்கு

ஐபோன் 2007-இல் வந்தது. பிறர் எழுதும் செயலிகளுக்கான கடை 2008 ஜூலையில் திறந்தது. ஆனால் அந்தச் செயலிகள் பின்னணியில் இயங்க ஆப்பிள் அனுமதிக்கவில்லை. திரையை விட்டு அகன்றால் செயலி நின்றுவிடும். அப்புறம் அரட்டைச் செயலிக்கு என்ன பயன்? செயலி எழுதுகிறவர்கள் முணுமுணுத்தார்கள்.

2008 ஜூன் மாத மாநாட்டிலேயே, ஐபோன் மென்பொருளுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்காட் ஃபோர்ஸ்டால் மேடையேறி ஒரு மாற்று வழியை அறிவித்தார். எல்லாச் செயலிகளுக்கும் ஆப்பிளே ஒரு பொது இணைப்பை நடத்தும். செப்டம்பருக்குள் தரும் என்றார். செப்டம்பர் வந்தது, சேவை வரவில்லை. 2009 மார்ச்சில் அவர் மறுபடி மேடைக்கு வந்து, அரட்டைச் செயலியைப் பின்னணியில் ஓடவிட்டுச் சோதித்ததில் கைப்பேசியின் காத்திருப்பு நேரம் 80 விழுக்காடோ அதற்கு மேலோ சரிந்ததாகவும், தள்ளு அறிவிப்பைப் பயன்படுத்தியபோது 23 விழுக்காடு மட்டுமே குறைந்ததாகவும் சொன்னார். அவை ஆப்பிள் தானே வெளியிட்ட எண்கள். தன் முடிவை நியாயப்படுத்தச் சொன்ன எண்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2009 ஜூனில் ஐபோன் ஓஎஸ் 3.0 உடன் சேவை பொதுமக்களுக்குக் கிடைத்தது.

தொடக்கத்தில் ஓர் அறிவிப்புக்கு ஆப்பிள் ஒதுக்கிய இடம் 256 பைட். தமிழாசிரியர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். யூனிகோடின் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் 'க' என்பதற்கு 3 பைட். 'கி' என்றால் 'க'வுக்கு 3, இகரக் குறிக்கு 3, ஆக 6. அறிவிப்பின் சட்டகத்துக்கே கொஞ்சம் இடம் போய்விடும். மிச்சத்தில் 80 தமிழ்க் குறியீடுகள்கூட அடங்காது. பிற்பாடு இந்த அளவு 2 கிலோபைட்டாகவும் 4 கிலோபைட்டாகவும் உயர்ந்தது.

இந்தச் சேவையால் பிறந்ததுதான் இன்று நாம் புலனம் என்று அழைக்கும் வாட்ஸ்அப். உக்ரேனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் கூம், 2009-இன் தொடக்கத்தில் அதை அரட்டைச் செயலியாக எண்ணவில்லை. "வேலையாக இருக்கிறேன்", "பேட்டரி இறங்கிவிட்டது" என்பதுபோல் ஒருவர் தம் நிலையை நண்பர்களுக்குக் காட்டும் செயலியாகத்தான் எழுதினார். ஆப்பிளின் தள்ளு அறிவிப்பு வந்ததும், ஒருவர் தம் நிலையை மாற்றினால் நண்பர்கள் எல்லாருடைய கைப்பேசியும் ஒலித்தது. அப்புறம் என்ன, மக்கள் அதிலேயே கேலியும் பதிலும் எழுத ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்த கூம், சில மாதங்களில் அதை முழுச் செய்திச் செயலியாக மாற்றினார்.

2010–2016: ஆண்ட்ராய்டும் கட்டாயத் தூக்கமும்

கூகுள் வேறு வழியில் வந்தது. ஆண்ட்ராய்டில் செயலிகள் பின்னணியில் இயங்கத் தொடக்கம் முதலே தடையில்லை. விரும்பினால் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று 2010-இல், ஆண்ட்ராய்டு 2.2 உடன், கூகுளும் ஒரு தள்ளு அறிவிப்புச் சேவையைத் தந்தது. 2012-இல் அதன் பெயரும் அமைப்பும் மாறின. 2016-இல் ஃபயர்பேஸ் என்ற பெயரோடு இன்னொரு முறை மாறியது. பெயர்கள் மாறினாலும் வேலை ஒன்றுதான்: கைப்பேசியிலிருந்து கூகுளுக்கு ஒரே பொது இணைப்பு.

சுதந்திரத்துக்கு விலை பேட்டரி. ஆளாளுக்குப் பின்னணியில் ஓடியதில் கைப்பேசிகள் மத்தியானத்துக்குள் சோர்ந்தன. ஆகவே 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0 'டோஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. குட்டித் தூக்கம் என்று பொருள். திரை அணைந்து, சார்ஜரும் இல்லாமல், கைப்பேசி அசையாமல் கிடந்தால் செயலிகளின் இணைய வசதி துண்டிக்கப்படும். இடையிடையே சிறிது நேரம் கதவு திறக்கும். நேரம் ஆக ஆக அந்த இடைவெளியும் நீளும். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 பின்னணிச் சேவைகளை மேலும் கட்டுப்படுத்தியது. இதற்கு மேல் சில கைப்பேசித் தயாரிப்பாளர்களும் தங்கள் பங்குக்குச் செயலிகளை நிறுத்தத் தொடங்கினார்கள்.

இந்தத் தூக்கத்திலும் கைப்பேசியை எழுப்ப ஒருவருக்கு மட்டும் தாராளமான அனுமதி உண்டு. கூகுளின் சொந்தச் சேவை வழியாக 'உயர் முன்னுரிமை' என்ற முத்திரையோடு வரும் செய்தி டோஸைத் தாண்டி வரும். அதாவது 2010-இல் "விரும்பினால்" என்று தொடங்கியது 2015-க்குப் பிறகு ஏறக்குறைய "வேறு வழியில்லை" என்று ஆனது. எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை. பேட்டரிச் சிக்கனம் என்ற, யாரும் மறுக்க முடியாத ஒரு நல்ல காரணத்தின் வழியாகவே அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்தது. வரலாற்று மாணவர்கள் கோடிட்டு வைக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

கூகுள் சேவை இல்லாத இடங்களில் என்ன நடந்தது? சீனாவில் கைப்பேசி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் அறிவிப்புச் சேவையைக் கட்டிக்கொண்டன. 2019-இல் அமெரிக்கா விதித்த தடையால் ஹுவாவேயின் புதிய கைப்பேசிகள் கூகுள் சேவையின்றி வந்தன. ஹுவாவே தன் சொந்தச் சேவையையே முன்வைத்தது. கிராணியே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. கிராணி மாறினார், அவ்வளவுதான்.

2013–2019: பூட்டிய உறையும் வெறும் தட்டலும்

2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன், அமெரிக்க உளவமைப்பின் கண்காணிப்பு எவ்வளவு விரிவானது என்பதை வெளிப்படுத்தினார். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர இடையில் இருக்கும் யாரும் படிக்க முடியாத முழுமையான மறையாக்கம் அதன் பிறகு பரவலான கோரிக்கையாயிற்று.

அதற்கு முன்பே 2010-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் ஸ்டுவர்ட் ஆண்டர்சனும் டெக்ஸ்ட்செக்யூர் என்ற செயலியை வெளியிட்டிருந்தார்கள். அது சாதாரணக் குறுஞ்செய்தியையே மறையாக்கி அனுப்பியது. 2014-இல் அது குறுஞ்செய்தியோடு நில்லாமல் இணையத்துக்கும் வந்தது. கைப்பேசியை எழுப்புவதற்குக் கூகுளின் அறிவிப்புச் சேவையை எடுத்துக்கொண்டது. அதுவே 2015-இல் சிக்னல் என்ற பெயரைப் பெற்றது.

கூகுளை நம்பாதவர்கள் இதை ஏற்பார்களா? "அந்தரங்கம் பேசும் செயலிக்கு எதற்குக் கூகுள்?" என்ற கேள்வி பல ஆண்டுகள் ஓடியது. கூகுள் சேவையை நீக்கி, தனி இணைப்போடு லிப்ரேசிக்னல் என்ற மாற்றுப் பதிப்பைச் சிலர் உருவாக்கினார்கள். 2016-இல் மார்லின்ஸ்பைக், தங்கள் சேவையகத்தையும் பெயரையும் மாற்றுப் பதிப்புகள் பயன்படுத்துவதை விரும்பவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த முயற்சி நின்றது. ஆனால் கோரிக்கை நிற்கவில்லை. 2017-இன் தொடக்கத்தில் சிக்னலே, கூகுள் சேவை இல்லாத கைப்பேசிகளில் தன் சேவையகத்தோடு நேரடி இணைப்பு வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும். விரும்புகிறவர் அந்த விலையைக் கொடுத்துக்கொள்ளலாம்.

கூகுள் வழியாக வரும்போதும் சிக்னல் ஒரு தந்திரம் செய்கிறது. அறிவிப்புக்குள் செய்தியை வைப்பதே இல்லை. "எழுந்திரு" என்ற வெறும் தட்டல் மட்டும் போகிறது. விழித்துக்கொண்ட செயலி தன் சேவையகத்துக்குப் போய், மறையாக்கிய செய்தியை வாங்கி, கைப்பேசிக்குள்ளேயே பிரித்துத் திரையில் காட்டுகிறது. கிராணிக்கு உறையே தெரியாது, பெயர் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் தெரியும். சிக்னலின் இந்த மறையாக்க நெறிமுறையை வாட்ஸ்அப்பும் எடுத்துக்கொண்டு, 2016 ஏப்ரலில் எல்லாப் பயனர்களுக்கும் கொண்டுசேர்த்தது.

ஐபோனில் நிலைமை இன்னும் இறுக்கம். வந்த அறிவிப்பைக் காட்டுவதற்கு முன் செயலி அதைத் திருத்திக்கொள்ள, 2016-இன் ஐஓஎஸ் 10 சில விநாடி அவகாசம் தந்தது. அதற்கு முன்பிருந்தே, இணைய அழைப்புகளுக்கென ஒதுக்கிய தனி அறிவிப்பு வழியைச் செய்திகளை மறைநீக்கவும் பயன்படுத்திய செயலிகள் உண்டு. 2019-இல் ஐஓஎஸ் 13, அந்த வழி உண்மையான அழைப்புக்கு மட்டுமே என்று கண்டித்துச் சொல்லிவிட்டது. அந்த வழியைச் சில நிறுவனங்கள் வேறு காரியங்களுக்கும் பயன்படுத்த முடிந்தது என்பதால் ஆப்பிளின் முடிவில் நியாயம் இருந்தது. ஆனால் நல்ல நோக்கத்தோடு பயன்படுத்தியவர்களும் தங்கள் செயலியை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

2023: கிராணியின் பதிவேடு

2023 டிசம்பர் 6 அன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் செனட்டர் ரான் வைடன், அந்நாட்டு நீதித்துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிநாட்டு அரசுகள் ஆப்பிளிடமும் கூகுளிடமும் தள்ளு அறிவிப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்குவதாகத் தமது அலுவலகத்துக்கு 2022-இல் தகவல் வந்தது. விசாரித்தால், அதைப் பற்றிப் பேச அமெரிக்க அரசு அனுமதிப்பதில்லை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. இந்தத் தடையை நீக்குங்கள் என்பது கடிதத்தின் சாரம்.

பதிவுகளில் என்ன இருக்கும்? ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனி அடையாளக் குறி வழங்கப்படுகிறது. எந்தச் செயலி, எந்தக் குறிக்கு, எந்த நேரத்தில் அறிவிப்பு அனுப்பியது என்பது நடுவில் இருப்பவருக்குத் தெரியும். அந்தக் குறியைக் கொண்டு கைப்பேசியையும், அதனோடு தொடர்புள்ள ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கையும் அடையலாம். மறையாக்காமல் அனுப்பும் செயலி என்றால் செய்தியின் வாசகமே இருக்கலாம். செய்தியைப் பற்றிய இந்தச் செய்திக்குத்தான் துணைத்தரவு என்று பெயர். ஒருவர் ஒரு செயலியில் செய்தி அனுப்பிய விநாடியும் இன்னொருவரின் கைப்பேசி ஒலித்த விநாடியும் திரும்பத் திரும்ப ஒத்துப்போனால், உறையைப் பிரிக்காமலேயே யாரோடு யார் பேசுகிறார் என்று ஊகிக்க முடியும்.

கடிதம் வெளியானதும் ஆப்பிள் இவ்வகைக் கோரிக்கைகளையும் தன் வெளிப்படை அறிக்கையில் சேர்ப்பதாக அறிவித்தது. இனிமேல் நீதிபதியின் உத்தரவு இருந்தால்தான் தருவோம் என்று விதியையும் மாற்றியது. கூகுளிடம் நீதிமன்ற உத்தரவு விதி ஏற்கெனவே இருந்தது. கடுமையான குற்றங்களை விசாரிக்கும் காவல்துறைக்கு இந்தப் பதிவுகள் உதவக்கூடும் என்ற வாதமும் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கைப்பேசி வைத்திருக்கும் கோடிக்கணக்கானோருக்கு இப்படி ஒரு பதிவேடு இருப்பதே அதுவரை தெரியாது என்பதுதான் உறுத்தல்.

கிராணி வேண்டாம் என்றவர்கள்

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்பலாம். தாமதமாக வரும் செயலிகளும், பேட்டரியைத் தின்னும் செயலிகளும் ஏன் அப்படி இருக்கின்றன என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

பிரையர் என்ற செயலி டோர் வலைப்பின்னல் வழியாக இருவரை நேரடியாக இணைக்கிறது. நடுவில் சேவையகமே கிடையாது. எனவே எப்போதும் விழித்திருக்க வேண்டும், பேட்டரி போகும். இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும் என்ற தொல்லைக்கு அவர்கள் கண்ட தீர்வு சுவையானது. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை வீட்டில் சார்ஜரிலேயே போட்டு வைத்து, அதைத் தனிப்பட்ட தபால் பெட்டியாக்கிக்கொள்ளலாம். பேட்டரிச் சுமையைச் சுவர் மின்சாரத்துக்கு மாற்றிவிடும் யோசனை இது.

சிம்பிளெக்ஸ் செயலி ஆண்ட்ராய்டில் பயனரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது: எப்போதும் பின்னணியில் இயங்கி உடனே காட்டட்டுமா, 10 நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டுமா, அல்லது செயலியைத் திறந்தால் மட்டும் காட்டட்டுமா? செஷன் செயலியில் வேகமுறை, மெதுமுறை என்று இரண்டு உண்டு. வேகமுறை கூகுள் அல்லது ஆப்பிள் வழியாக வரும். மெதுமுறை தானே அவ்வப்போது போய்க் கேட்கும். சுவிட்சர்லாந்தின் த்ரீமா, கூகுள் வேண்டாதவர்களுக்குத் தன் சொந்த அறிவிப்பு வழியைத் தருகிறது. யூனிஃபைட்புஷ் என்ற திறந்த தரநிலை இன்னொரு பாதையில் போகிறது. பொது இணைப்பு ஒன்றே இருக்கட்டும், ஆனால் அதை யார் நடத்துவது என்பதைப் பயனர் தேர்ந்துகொள்ளட்டும் என்பது அதன் கொள்கை. தோட்டத்துக் கிராணியை நாமே தேர்ந்தெடுப்பது மாதிரி.

இவை எல்லாம் பெரும்பாலும் ஆண்ட்ராய்டில்தான். ஐபோனில் செயலிகள் சொந்த இணைப்பை நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்க முடியாது. அங்கே உடனடி அறிவிப்பு வேண்டுமென்றால் ஆப்பிளின் வழிதான்.

நமக்கு என்ன?

ஆசிரியர்களாகிய நமக்குப் பெற்றோர் குழு, பாடக்குழு, பள்ளிக் குழு என்று நாளுக்குப் பல அறிவிப்புகள் வருகின்றன. ஒரு மாணவரின் மதிப்பெண், குடும்பச் சூழல், உடல்நிலை பற்றிய தகவல்கள் அவற்றில் அடங்கும். நாம் உளவாளிகள் இல்லைதான். ஆனால் பிறர் பிள்ளைகளின் அந்தரங்கம் நம் கைப்பேசியில் இருக்கிறது. அதனால் சிலவற்றைச் செய்யலாம். பூட்டிய திரையில் செய்தியின் வாசகம் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். பக்கத்தில் இருப்பவர் படிப்பதையாவது இது தடுக்கும். செயலி உள்ளடக்கத்தை முழுமையாக மறையாக்குகிறதா என்று பாருங்கள். சொந்த இணைப்பு வைத்திருக்கும் செயலியைப் பயன்படுத்தினால் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து அதற்கு விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் செய்தி தாமதமாகும், பழி செயலிமேல் விழும். உடனடியாக வரத் தேவையில்லாத குழுக்களுக்கு அறிவிப்பையே அணைத்துவிடலாம். பேட்டரியும் மிஞ்சும், மனமும் அமைதியாகும்.

எல்லாரும் கூகுளை விட்டு ஓட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மில் பலருக்குப் பொது இணைப்பின் வசதி, அது விட்டுச்செல்லும் தடத்தைவிடப் பெரியது. ஆனால் ஓர் இதழாளருக்கோ, கொடுமையிலிருந்து தப்பி ஒளிந்து வாழும் ஒரு பெண்ணுக்கோ அந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். அவர்களுக்கு 10 நிமிடத் தாமதமும் மாலைக்குள் காலியாகும் பேட்டரியும் மலிவான விலைதான். எந்த விலையை யார் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதற்குத்தான் இந்த வரலாறு உதவுகிறது.

வகுப்பறைக் கலந்துரையாடலுக்கு

1. பேட்டரிச் சிக்கனம் என்ற காரணம் எப்படி ஒரு சில நிறுவனங்களின் கையில் அதிகாரத்தைக் குவித்தது? 2008, 2010, 2015 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகளைக் கொண்டு விளக்குக.

2. 2010-இல் பிளாக்பெரிக்கு நேர்ந்ததையும் 2023-இல் வெளிவந்ததையும் ஒப்பிடுக. ஒற்றுமை இரண்டும் வேற்றுமை இரண்டும் தருக.

3. 'உறையைப் பிரிக்காமலேயே கிராணிக்குத் தெரியும்' என்ற உவமை எந்த இடத்தில் பொருந்துகிறது? எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது?

4. குற்ற விசாரணைக்காக அறிவிப்புப் பதிவுகளை வழங்கலாமா? எந்தக் கட்டுப்பாட்டோடு வழங்கலாம்? உங்கள் நிலைப்பாட்டை 200 சொற்களில் எழுதுக.

5. உங்கள் கைப்பேசியின் அமைப்பைத் திறந்து, நேற்று பேட்டரியை அதிகம் பயன்படுத்திய மூன்று செயலிகளைக் குறித்துக்கொள்க. அவற்றில் எது கேட்டுப் பெறுகிறது, எது தட்டி எழுப்பப்படுகிறது என்று ஊகித்துக் காரணம் கூறுக.

ஐந்தாம் கேள்வியை முதலில் ஆசிரியர்களே தங்கள் கைப்பேசியில் செய்து பார்த்துவிட்டு வகுப்புக்குப் போகலாம். மாணவர்கள் உங்கள் விடையையும் கட்டாயம் கேட்பார்கள்.